நாணயத்துக்கு இரண்டு பொருள்

மகிழ்ச்சி, வெற்றி, மதிப்பு ஆகிய மூன்றையும் விரும்பாத மனிதர் இல்லை. கோயிலில் கைகூப்பி நிற்கும்போதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், வங்கியில் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதும் நம் மனத்தின் அடியில் கிடப்பவை இம்மூன்றுமே. ஆனால் இவற்றை எந்த வரிசையில் தேடுவது என்பதில்தான் பலர் தடுமாறிவிடுகிறோம். முதலில் பணம் சேர்த்து வெற்றி பெற வேண்டும். வெற்றி பெற்றவரை ஊர் மதிக்கும். ஊர் மதித்தால் மகிழ்ச்சி தானே வந்து சேரும். இதுவே பொதுவாக நிலவும் கணக்கு.

பணத்தோடு பழகுவதையே தொழிலாகக் கொண்ட வங்கி அலுவலர்களாகிய நாம், இந்தக் கணக்கு பெரும்பாலும் நேராவதில்லை என்பதை நாள்தோறும் காண்கிறோம். ஒருவருக்குச் சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டே போகும். ஆனால் மாதத்தின் கடைசி வாரத்தில் அவர் முகம் வாடியே இருக்கும். இன்னொருவருக்கு வருமானம் சிறிது. ஆயினும் அவர் கிளைக்குள் நுழைந்தால் மேலாளர் முதல் காவலர் வரை அனைவரும் முகம் மலர்ந்து வணக்கம் சொல்வர். இருவருக்கும் உள்ள வேறுபாடு அவர்களின் கணக்கில் உள்ள இருப்பில் இல்லை. அது வேறு எதிலோ இருக்கிறது.

அந்த ஏதோவொன்றுக்குத் தமிழில் ஒரு நல்ல சொல் உண்டு. உலோகத்தில் அச்சிட்ட காசை நாணயம் என்கிறோம். சொன்ன சொல் தவறாத மனிதரின் பண்பையும் நாணயம் என்கிறோம். ‘கடன்’ என்னும் சொல்லும் அத்தகையதே. திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். செய்து முடிக்க வேண்டிய கடமையும் கடன். முதுமையில் பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடன் என்று சொல்லும்போது யாரும் வட்டியை நினைப்பதில்லை. காசு வேறு, பண்பு வேறு என்று நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இச்சொற்களே சான்று.

ஆகவே நாம் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான். மதிப்பு என்பது வெற்றிக்குப் பின் கிடைக்கும் பரிசன்று. வெற்றிக்கு முன்பே நாம் இட வேண்டிய முதல். சொன்ன சொல்லைக் காப்பது என்னும் அந்த முதலை இட்டவருக்கு வெற்றி பெரிதாகவோ சிறிதாகவோ வருகிறது. மகிழ்ச்சி மட்டும் குறைவின்றி வருகிறது. முதலே இடாமல் மதிப்பைப் பெற முயல்பவர், அதைக் கடனாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

மதிப்பைக் கடனாக வாங்குவது என்றால் என்ன? திருமணக் காலங்களில் வங்கிக்கு வருவோரைப் பார்த்தால் இது புரியும். மண்டபம், அலங்காரம், விருந்து, படப்பிடிப்பு என்று பட்டியல் நீளும். இவ்வளவு தேவையா என்று நாம் மெல்லக் கேட்டால், ‘நாலு பேர் என்ன சொல்வார்கள், சார்?’ என்ற மறுமொழி வரும். அந்த நாலு பேர் யார் என்று எவருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்காகவே பல குடும்பங்கள் ஐந்தாண்டுக் காலம் தவணை கட்டுகின்றன.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பத்து லட்சம் ரூபாயைத் தனிநபர் கடனாக, ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில், ஐந்தாண்டுகளில் திருப்பிச் செலுத்துமாறு ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 22,244 ரூபாய் ஆகும். அறுபது தவணைகளையும் செலுத்தி முடிக்கும்போது அவர் கட்டிய மொத்தத் தொகை 13 லட்சத்து 34 ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருக்கும். இரண்டு நாள் விழாவுக்கு, வட்டியாக மட்டும் மூன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகிறது. அதே குடும்பம் விழாவுக்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே திட்டமிட்டு மாதந்தோறும் தொடர்வைப்பில் சேமித்திருந்தால், வட்டி கொடுப்பவராக இருப்பதற்கு மாறாக வட்டி பெறுபவராக இருந்திருக்கும்.

இதைக் கடனுக்கு எதிரான சொல்லாக வாசகர்கள் கொள்ள வேண்டாம். கடன் கொடுப்பதே நம் தொழில். வீட்டுக்கும், கல்விக்கும், உழவுக்கும், தொழிலுக்கும் வாங்கும் கடன் குடும்பத்தை ஒரு படி உயர்த்துகிறது. நாம் சொல்வது, பிறர் கண்ணுக்காக வாங்கும் கடனைப் பற்றி மட்டுமே. விருந்துண்டு வாழ்த்திச் சென்றவர்கள் ஒரு வாரத்தில் அதை மறந்துவிடுவர். அடுத்த திருமணத்தில் வேறொரு பந்தலைப் பார்த்து வியப்பர். தவணைத் தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் கடன் வாங்கியவர் ஒருவர்தான்.

ஒரு பிரதமரின் கார்க் கடன்

கடன் வாங்குவது இழிவன்று. அதைத் தீர்ப்பதில்தான் மதிப்பு இருக்கிறது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. லால் பகதூர் சாஸ்திரி 1964 ஜூன் மாதத்தில் பிரதமரானார். சுதந்திரப் போராட்ட வீரராகவும், உத்தரப் பிரதேசத்தில் அமைச்சராகவும், பின்னர் மத்திய அரசில் ரயில்வே அமைச்சராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர். அவ்வளவு பதவிகளை வகித்தும் அவரிடம் சொந்தமாகக் கார் இல்லை. பிள்ளைகளின் விருப்பத்துக்கு இணங்கி ஒரு ஃபியட் கார் வாங்க எண்ணினார். விலை 12,000 ரூபாய். அவர் கணக்கில் இருந்ததோ 7,000 ரூபாய். மீதி 5,000 ரூபாயைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார்.

1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் அவர் காலமானபோது அக்கடன் தீர்ந்திருக்கவில்லை. நாட்டுக்காக உழைத்து மறைந்த பிரதமரின் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்டிருந்தால் குறை சொல்லியிருப்பவர் எவருமில்லை. ஆனால் அவருடைய துணைவியார் லலிதா சாஸ்திரி, தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அக்கடனைச் செலுத்தி முடித்தார். அந்தக் கார் இன்றும் தில்லியில் அவர் நினைவகத்தில் நிற்கிறது.

பிரதமர் வீட்டிலும் ஒரு கார் இருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அந்த ஆசையைப் பொதுப்பணத்தால் நிறைவேற்றிக்கொள்ளாமல், தம் வருமானத்துக்குள் அடங்கும் கடனால் நிறைவேற்றிக்கொண்டார் அவர். வாங்கிய கடனைத் தம் கடனாகவே கருதித் தீர்த்தது அவர் குடும்பம். 5,000 ரூபாய்க் கடன் ஒன்றை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாடு பேசிக்கொண்டிருக்கிறது என்றால், பேசப்படுவது பணமன்று, நாணயமே.

பிரதமருக்குத்தான் இது பொருந்தும் என்று எண்ண வேண்டியதில்லை. இன்று ஒவ்வொரு கடனாளியின் நாணயமும் மதிப்பெண்ணாகக் கணிக்கப்படுகிறது. கடன் தகவல் நிறுவனங்கள் வழங்கும் இந்த மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். பலர் அறியாத ஒரு செய்தி இங்கே உண்டு. அந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது உங்கள் சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. வாங்கிய கடனைக் குறித்த நாளில் செலுத்தினீர்களா, கடன் அட்டையின் வரம்பில் எவ்வளவைப் பயன்படுத்துகிறீர்கள், குறுகிய காலத்தில் எத்தனை இடங்களில் கடன் கேட்டிருக்கிறீர்கள் என்பவற்றையே முதன்மையாகப் பார்க்கிறார்கள். ஆகவே பெரிய பதவியில் இருப்பவர் தவணை தவறினால் அவர் மதிப்பெண் இறங்கும். சிறுகடனை வாங்கித் தவறாமல் கட்டும் தேநீர்க் கடைக்காரரின் மதிப்பெண் ஏறும். பதவிக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணால் காட்டும் ஏற்பாடு இது.

எண்பது ரூபாயும் எழுத்தறியாத பெண்களும்

வெற்றியைப் பற்றியும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காம் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் அப்பளம் இடத் தொடங்கினர். கையிலிருந்த முதல், கடனாகப் பெற்ற 80 ரூபாய். முதல் நாளில் தேறியவை நான்கு பொட்டலங்கள். நட்டம் வந்தாலும் நன்கொடை பெறுவதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே உறுதி கொண்டனர். கடன் வாங்கலாம், தீர்த்துவிடலாம். ஆனால் கையேந்துவதில்லை என்பது அதன் பொருள். அந்த முயற்சியே இன்று நாடறிந்த லிஜ்ஜத் அப்பளமாக வளர்ந்திருக்கிறது. அங்கே பணிபுரியும் பெண்கள் ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைக்கின்றனர், அனைவரும் உரிமையாளர்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. அந்தப் பெண்களின் தன்மதிப்போ நான்கு பொட்டலம் அப்பளம் விற்ற நாளிலேயே தொடங்கிவிட்டது.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் மழை குறைந்த பகுதியில் மசவாட் என்னும் ஊர் இருக்கிறது. இரும்பு வேலை செய்து பிழைத்த ஒரு பெண், மழையில் நனையாமல் குடும்பத்தைக் காக்க ஒரு நெகிழித் தாள் வாங்க வேண்டும், அதற்காகப் பணம் சேமிக்க வேண்டும் என்று விரும்பினார். அவருக்கு வங்கிக் கணக்கு கிடைக்கவில்லை. இதை அறிந்த சேத்னா சின்ஹா, அவ்வூர்ப் பெண்களுக்காகக் கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்க முனைந்தார். விண்ணப்பித்த பெண்களுள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற காரணத்தால் ரிசர்வ் வங்கி முதலில் உரிமம் வழங்கவில்லை. அப்பெண்கள் எழுத்துப் படித்தனர். மீண்டும் அதிகாரிகளைச் சந்தித்தபோது, ‘எங்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், எண்ணத் தெரியும். எந்தத் தொகைக்கும் வட்டி கேளுங்கள், கருவியின்றிச் சொல்கிறோம்’ என்ற பொருளில் அறைகூவல் விடுத்தனர். 1997இல் மாண் தேசி மகிளா வங்கி பிறந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நாம் காண்பது ஒன்றே. இப்பெண்கள் வெற்றி பெற்ற பின் மதிப்பைத் தேடவில்லை. தம்மைத் தாமே மதித்தனர். அதனால் இரக்கத்தை ஏற்க மறுத்தனர். உழைப்புக்குரியதை மட்டும் கேட்டனர். வெற்றி அதன் பின்னரே வந்தது.

நம் கிளைகளிலும் இதன் சிறிய வடிவத்தைக் காண முடிகிறது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய பிரதமரின் ஜன்தன் திட்டத்தில் ஐம்பது கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டுள்ளன; அவற்றில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. தம் பெயர் அச்சிட்ட கணக்குப் புத்தகத்தை முதன்முறையாகக் கையில் வாங்கும் பெண், அதில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்ப்பதில்லை. தம் பெயரையும் ஒளிப்படத்தையும்தான் பார்க்கிறார். அந்த நேரத்தில் முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலர் எழுந்து நின்று ‘அம்மா’ என்று அழைத்துப் புத்தகத்தைக் கொடுத்தால், அந்தப் பெண்ணுக்கு அதுவும் ஒரு வைப்புத்தொகையே. மதிப்பு என்பது பெறுவது மட்டுமன்று, கொடுப்பதும் ஆகும். கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் அது ஒன்றுதான். இருப்பைப் பார்த்து நாற்காலி போடும் வழக்கம் வங்கியிலும் கூடாது, திருமண வீட்டிலும் கூடாது.

முதுமையில் மதிப்பு

மதிப்பு மிகுதியாகச் சோதிக்கப்படும் பருவம் முதுமை. பணி ஓய்வின்போது கைக்கு வரும் தொகையைப் பிள்ளையின் வீட்டுக்கோ தொழிலுக்கோ முழுவதும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சில ஆண்டுகளில் மருந்துக்கும் கையை எதிர்பார்த்து நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் தவணை இருக்கிறது, பள்ளிக் கட்டணம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நூறு ரூபாயையும் கேட்டு வாங்க நேரும்போது, கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே இருந்த அன்பில் ஒரு கணக்கு புகுந்துவிடுகிறது. அந்தக் கணக்கு புகாமல் காப்பது பெற்றோர் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையும் ஆகும்.

தன் கையே தனக்குதவி என்பது பழமொழி. 60 வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை முதலீடு செய்யலாம். 2023 ஏப்ரல் முதல் இவ்வரம்பு நடைமுறையில் உள்ளது. ஐந்தாண்டுக் காலத்துக்கான இத்திட்டத்தில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி கணக்கில் வந்து சேரும். பேரனுக்கு மிட்டாயும் பேத்திக்குப் பாவாடையும் வாங்கித் தர யாரிடமும் கேட்க வேண்டாத நிலை, முதுமையில் பெரிய செல்வம்.

வீட்டையோ நிலத்தையோ பிள்ளைகளுக்குத் தானமாக எழுதிக் கொடுப்பவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தம்மைப் பேணிக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், அந்த உரிமை மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரும் உரிமையை அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழங்குகிறது. ஆகவே அந்நிபந்தனையை ஆவணத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது அறிவுடைமை. சட்டத்தை நாட வேண்டிய நிலை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம். ஆனால் உரிமை இருக்கிறது என்ற தெளிவே பலரைத் தலைநிமிர்ந்து வாழச் செய்யும்.

போதும் என்பதன் அளவு

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் நியாயமாகக் கேட்கக்கூடும்: ‘வங்கியில் பணிபுரிந்து, மாதம் பிறந்தால் சம்பளம் பெறும் உங்களுக்குப் பண்பைப் பற்றிப் பேசுவது எளிது. பணமில்லாதவனை யார் மதிக்கிறார்கள்? அவனுக்கு எங்கிருந்து மகிழ்ச்சி?’

இக்கேள்வியில் உண்மை இருக்கிறது. வறுமை ஒரு சிறப்பன்று. ஏழையைப் பார்த்து மனநிறைவோடு இரு என்று அறிவுரை சொல்வதும் அறமன்று. நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றும்போது கையில் பணமில்லாத தாயிடம் மகிழ்ச்சியைப் பற்றி யாரும் பேச முடியாது. அதனால்தான் நாம் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் முதலில் அச்சத்தைப் போக்கட்டும் என்கிறோம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்குரிய தொகையை எளிதில் எடுக்கத்தக்க வைப்பாக வைத்திருப்பதும், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பதும் ஆடம்பரத்துக்கு முன் செய்ய வேண்டியவை. அச்சம் நீங்கிய பின் வரும் பணம், வசதிக்கு உதவட்டும். அதற்கும் மேல் வருவது, பிறருக்கு உதவட்டும். இந்த வரிசை மாறி, ஆடம்பரம் முன்னும் பாதுகாப்பு பின்னும் ஆகும்போதுதான் நல்ல சம்பளக்காரரின் வீட்டிலும் உறக்கம் கெடுகிறது.

போதும் என்பதற்கு அனைவருக்கும் பொதுவான தொகை எதுவும் இல்லை. ஆனால் அதை அறிந்துகொள்ள மூன்று கேள்விகள் உண்டு. தவணைத் தேதியை எண்ணி உறக்கம் கெடாமல் இருக்கிறோமா? அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்டால், எழுத்தில்லாமலே நம்பிக் கொடுக்க இரண்டு பேராவது இருக்கிறார்களா? நம்மிடம் கேட்டு வருபவருக்குச் சிறிதளவேனும் கொடுக்க முடிகிறதா? முதல் கேள்வி மகிழ்ச்சியை அளக்கிறது. இரண்டாவது மதிப்பை அளக்கிறது. மூன்றாவது, நம் கருத்தில், வெற்றியை அளக்கிறது. மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவரின் வருமானம் எவ்வளவாயினும் அவர் செல்வரே.

அடுத்த விழாவுக்கோ வாகனத்துக்கோ வீட்டுக்கோ குடும்பத்தோடு அமர்ந்து திட்டமிடும்போது, இது எவ்வளவு ஆகும் என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: இது நமக்காகவா, நாலு பேருக்காகவா? நமக்காக என்ற விடை வந்தால் தயங்காமல் வாருங்கள். அதற்கான வழியைச் சேர்ந்து தேடுவோம். நாலு பேருக்காக என்ற விடை வந்தால் அத்தொகையைக் குழந்தையின் பெயரில் வைப்பாக இட வாருங்கள். அதற்கும் நம் கிளையின் கதவு திறந்தே இருக்கிறது.